கடற்காற்றுக்குத் தாங்கும் பறவைக்கூடு: மரமா, இரும்பா, அலுமினியமா?

திருகோணமலையில் வீட்டு முற்றத்தில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கக் கூடு கட்ட நினைக்கிறவர், அளவு நாடாவைக் கையில் எடுக்கும் முன் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்தபடி இருக்கும் வீட்டுக்குப் பொருந்துகிற கூடு வேறு. கன்னியாப் பக்கமோ தம்பலகாமத்திலோ வயலோரம் இருக்கும் வீட்டுக்குப் பொருந்துகிற கூடு வேறு. இரண்டுக்கும் ஒரே வலையை வாங்கிக் கட்டிவிட்டு, ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் உக்கியது என்று பிறகு வியப்பவர்களை அடிக்கடி காண்கிறேன்.

நான் இங்கே பேசுவது பட்ஜி என்ற சிறு கிளி இனத்துக்கான கூட்டைப் பற்றி. கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. வாலோடு சேர்த்துச் சுமார் 18 சென்ரிமீற்றர் நீளம், எடை 30 முதல் 40 கிராம். சொந்த நாட்டில் கூட்டம் கூட்டமாகத் தண்ணீர் தேடி நெடுந்தூரம் பறக்கிற உயிர். அதனால் கூட்டுக்கு உயரத்தைவிட நீளமே முக்கியம். ஆறு அடி உயரமும் இரண்டு அடி அகலமுமாக நிற்கிற கோபுரக் கூட்டில் அது பறக்க முடியாது, கொம்புக்குக் கொம்பு தாவ மட்டுமே முடியும். அதே வலையைக் கிடையாக வைத்துக் கட்டினால் பறக்கும். கடையில் தொங்குகிற வட்டக் கூடுகளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. நீளம் இல்லை, கம்பி மெல்லியது, மேலே பூசிய நிறத்தைப் பறவை உரித்துவிடும். பறவையை வீட்டுக்குக் கொண்டுவருகிற பயணத்துக்கு அது போதும். அதிலேயே வாழவைக்கக் கூடாது.

சட்டத்துக்கு என்ன மரம், என்ன இரும்பு என்பதில்தான் பலர் நாட்கணக்கில் மண்டையை உடைக்கிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாவது கேள்வி. கூட்டின் ஆயுளையும் பறவையின் உயிரையும் தீர்மானிப்பது வலை. கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கை வலைக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் சட்டத்தைப் பற்றி யோசியுங்கள்.

வலையில் நம் ஊர் ஹாட்வெயார் கடைகளில் பொதுவாகக் கிடைப்பவை நான்கு. அறுகோணக் கண் உள்ள கோழிவலை, பச்சைப் பிளாஸ்ரிக் பூசிய வலை, கல்வனைஸ் செய்த வெல்ட் மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் சூட்டில் ஒட்டிய வலை), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. முதல் இரண்டையும் விரைவாகத் தள்ளிவிடலாம். கோழிவலையின் கம்பி மெல்லியது, எலி கடித்துக் கண்ணைப் பெரிதாக்கிவிடும். கண்ணும் பெரிது, சாரைப்பாம்புக் குட்டிக்குத் திறந்த வாசல். பச்சை வலை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்ஜியின் அலகுக்கு வேலையே உரிப்பது. ஓரிடத்தில் பிளாஸ்ரிக் கிழிந்தால் உப்பு ஈரம் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமல் கம்பியை அரித்துக்கொண்டு போகும். பச்சை நிறம் அப்படியே இருக்க, உள்ளே கம்பி தூளாகியிருக்கும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

கல்வனைஸ் என்பது இரும்புக் கம்பிக்கு மேல் துத்தநாகம் பூசியது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. அதுதான் அதன் வேலை முறை. உள்நாட்டில் அது மெதுவாகக் கரையும். கடலோரத்தில் காற்றோடு வரும் உப்பு அதை விரைவாகத் தின்றுவிடும். எவ்வளவு தடிப்பாகப் பூசியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த வலைக்கு ஒரு மங்கலான சாம்பல் தடிப்பு இருக்கும். மின்முறையில் பூசியது கண்ணாடிபோல் மினுங்கும், ஆனால் பூச்சு மெல்லியது. கடையில் மினுங்குவதைத்தான் கை தேடிப்போகும். நீங்கள் மங்கலானதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கம்பியும் கம்பியும் சந்திக்கிற பொட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். முதலில் பூசி, பிறகு ஒட்டிய வலையானால் அந்தப் பொட்டு கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும். ஒட்டும் சூட்டில் பூச்சு எரிந்துபோனதன் அடையாளம் அது. முதலில் ஒட்டி, பிறகு முழுவதையும் பூசிய வலையில் அந்த மூலைகளும் மூடப்பட்டு வழவழப்பாக இருக்கும். கடற்கரை வீடுகளில் பழைய வலைகளைக் கவனித்தால், துரு எப்போதும் அந்தச் சந்திகளில் தொடங்கியிருப்பதைக் காணலாம். கம்பி இன்னும் நன்றாக இருக்கும். சந்தி மட்டும் விட்டு, ஒரு விரலால் தள்ளினால் கண் திறந்துவிடும்.

பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கல்வனைஸ் வலைக்கு ஒரு பெரிய குறை உண்டு. துத்தநாகம் கிளி இனங்களுக்கு நஞ்சு. உப்பு ஈரம் பட்ட வலையில், விபூதி பூசியதுபோல ஒரு வெள்ளைத் தூள் படியும். பட்ஜி வலையில் தொங்கிக்கொண்டு அலகால் கம்பியைப் பிடித்து ஏறுகிற பறவை. அந்தத் தூள் நேரே வயிற்றுக்குப் போகும். புதிய வலையில் பூச்சின் துணுக்குகளும் துளிகளும் ஒட்டியிருக்கும், அவையும் அப்படியே. சோர்ந்து இறகை உப்பிக்கொண்டு உட்காருவது, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, கக்குவது, எச்சம் பச்சையாகித் தண்ணீராகப் போவது ஆகியவை அறிகுறிகள். இவை வேறு நோய்களுக்கும் வரும் என்பதால் பலர் காரணத்தைக் கண்டுபிடிப்பதே இல்லை. கல்வனைஸ்தான் வாங்க முடியும் என்றால், கட்டுவதற்கு முன் வினாகிரியும் தண்ணீரும் கலந்து தூரிகையால் அழுத்தித் தேய்த்து, நன்றாகக் கழுவி, சில வாரங்கள் வெயிலிலும் மழையிலும் போட்டு வையுங்கள். ஆபத்து குறையும். முற்றாக நீங்காது. வெள்ளைத் தூள் மறுபடி வரும்போதெல்லாம் துடைக்க வேண்டும். கடலோரத்தில் அது அடிக்கடி வரும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்தப் பயம் இல்லை. பூச்சு கிடையாது, உரிவதற்கு எதுவும் இல்லை. ஆனால் அதிலும் தரம் உண்டு. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 304 என்ற வகை. கடலுக்குப் பக்கத்தில் அதில் தேநீர்க் கறைபோன்ற பழுப்புப் புள்ளிகள் விழும். 316 என்பதில் சுமார் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது. உப்பை எதிர்த்து நிற்பது அதனால்தான். படகுச் சாமான்களுக்கு அதையே கேட்டு வாங்குகிறார்கள். கூட்டுக்கு 316 கட்டாயமா என்று கேட்டால், அலை சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு இருந்தால் ஆம் என்பேன். உவர்மலை மேட்டிலோ பாலையூற்றிலோ என்றால் 304 போதும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அந்தப் பழுப்புக் கறை வலையை உடனே பலவீனப்படுத்தாது. பறவைக்கும் கேடில்லை.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள். "தம்பி, இது ஸ்டெயின்லெஸ்தான், நம்பிக் கொண்டு போங்கள்" என்று கடைக்காரர் சொல்வார். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம், அவருக்குக் கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருப்பார். காந்தத்தை வைத்துப் பாருங்கள். கல்வனைஸ் இரும்பானால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு ஸ்டெயின்லெஸ் வகைகளும் ஒட்டாது, அல்லது கம்பியாக இழுத்ததால் மிக இலேசாக இழுக்கும். 304, 316 வேறுபாட்டைக் காந்தம் சொல்லாது. அதற்கு விற்பனைச் சீட்டில் வகையை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கம்பியின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. வளர்ந்த எலி அரை அங்குலத்தில் நுழையாது. சுண்டெலி நுழையப் பார்க்கும், அதனால் தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை இன்னும் சிறிய கண் உள்ள வலையை வெளிப்பக்கமாக வைத்து இரட்டையாக அடிப்பது நல்லது. வல்லூறும் பூனையும் வலையில் தொங்கும் பறவையின் காலை வெளியிலிருந்தே பிடித்துவிடுகின்றன. மேல் பகுதியிலும் இரட்டை வலை வைக்க வசதி இருந்தால், நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் வலை கல்வனைஸைவிடப் பல மடங்கு விலை. உண்மைதான். அதனால் பெரிய கல்வனைஸ் கூட்டையும் சிறிய ஸ்டெயின்லெஸ் கூட்டையும் எதிரெதிரே வைத்து யோசிக்க வேண்டி வருகிறது. உள்நாட்டு வீடானால் பெரிய கல்வனைஸ் கூடே சரி. நன்றாகக் கழுவிய, தடித்த பூச்சுள்ள வலை அங்கே நீண்ட காலம் நிற்கும், பறவைக்குப் பறக்க இடமும் கிடைக்கும். கடலோர வீட்டில் நான் சிறிய ஸ்டெயின்லெஸ் பக்கம்தான் நிற்பேன். ஒரு சோடிக்கு மூன்று அடி நீளத்தில் தொடங்கலாம். குறைவான பறவைகளை வளர்ப்பது ஒரு குறையே இல்லை.

இப்போது சட்டம். மரம், இரும்பு, அலுமினியம், பி.வி.சி. குழாய் என்று நான்கு வழிகள்.

பி.வி.சி. மலிவு, இலேசு, துருப்பிடிக்காது, ஒரு பிற்பகலில் பொருத்தி முடிக்கலாம். வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அதன் இலேசே அதன் கேடும் ஆகும். வாடைக் காற்று பலமாக அடிக்கிற நாளில் முழுக் கூடும் புரண்டுபோகும். விறாந்தைக்குள் வைக்கிற சிறு கூட்டுக்குச் சரி, முற்றத்துக்கு வேண்டாம்.

இரும்புப் பொக்ஸ் பார், அதாவது சதுரக் குழாய், உறுதியானது. வெல்டிங் கடையில் ஒரு நாளில் செய்து தருவார்கள். ஆனால் பொக்ஸ் பார் உள்ளே வெறுமை. வெளியே எத்தனை பூச்சு அடித்தாலும் உள்ளே புகுந்த ஈரம் உள்ளிருந்தே அரிக்கும். ஒட்டிய இடங்களில் அது முதலில் தெரியும். இரும்புதான் வேண்டும் என்றால் முனைகளை எல்லாம் தகடு வைத்து ஒட்டி மூடச் சொல்லுங்கள். ஒட்டிய ஒவ்வோர் இடத்தையும் உரசிச் சுத்தம் செய்து துரு எதிர்ப்புப் பூச்சு அடித்த பிறகே மேல் நிறம் பூச வேண்டும். கடற்கரையில் அப்போதும் இது ஆண்டுக்கு ஆண்டு பராமரிப்புக் கேட்கிற தெரிவு.

அலுமினியம் உப்புக்கு நன்றாகத் தாங்கும், பாரமும் இல்லை. இதைத் தெரிந்தவர்கள் அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் வலையை இறுக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டு நல்ல பொருள்கள் சேர்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். உப்புநீர் படுகிற இடத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், ஒன்று மற்றொன்றுக்காக அரிபடும். இங்கே அரிபடுவது அலுமினியம். வலை தொடுகிற கோடு முழுவதும் வெள்ளையாகப் பொங்கிப் பள்ளம் விழும். நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்ரிக் பட்டி வைத்து இரண்டையும் பிரித்தால் இந்தத் தொல்லை இல்லை. பணம் இருப்பவருக்கு, பட்டி வைத்துச் செய்த அலுமினியச் சட்டம் நல்ல தெரிவு.

எனக்குப் பிடித்தது மரம். உப்பு மரத்தை ஒன்றும் செய்வதில்லை. வலை எந்த உலோகமானாலும் அதனோடு சண்டை பிடிப்பதில்லை. திருத்துவதும் மாற்றுவதும் வீட்டிலேயே முடியும். வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை, முதிரை, பாலை போன்ற கடின மரங்கள் கறையானுக்கு இலகுவில் வளைந்து கொடுக்கா. மரக்காலையில் புதியதாக வாங்கினால் விலை அதிகம். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் கேட்டால், இதற்கு வேண்டிய அளவுத் துண்டுகள் கிடைக்கும். மென்மரமானால் பட்ஜி ஓரங்களைக் கொறித்துத் தும்பாக்கிவிடும். அதனால் வலையைச் சட்டத்தின் உட்பக்கம் அடியுங்கள், பறவைக்கு மரம் எட்டாது.

மரத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கறையானுக்குக் கழிவு எண்ணெய் பூசுகிற பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. வேலிக் கதியாலுக்குப் பூசுங்கள், பறவை தொடுகிற எந்த மரத்துக்கும் பூசாதீர்கள். பழைய வீட்டு மரமானால் அதில் இருக்கும் பழைய நிறப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். முழுவதையும் சீவி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கால்கள் மண்ணில் நேரடியாக நிற்கக் கூடாது. சீமெந்துக் கட்டையின் மேல் நிறுத்தினால் கறையான் ஏறும் பாதை கண்ணுக்குத் தெரியும்.

ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெயின்லெஸ் வலைக்குச் செலவழித்தவர்கள் அதைக் கல்வனைஸ் வளைவாணியால் அடித்து நாசமாக்குகிறார்கள். முன்பு சொன்ன அதே சண்டைதான். ஆணி சிறியது, வலை பெரியது, ஆணி மிக விரைவில் போய்விடும். வலை புதுமை மாறாமல் இருக்கும், பிடித்திருந்தது மட்டும் விட்டுப்போகும். ஸ்டெயின்லெஸ் திருகாணியும் வாஷரும் வாங்குங்கள், அல்லது மரச்சலாகையை மேலே வைத்து இறுக்குங்கள்.

கூட்டை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில் நம் ஊருக்கே உரிய கணக்கு உண்டு. இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. நடு ஆண்டில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசுகிறது, பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டுகிறது. பட்ஜி வறண்ட நாட்டுப் பறவை. நிழலும் தண்ணீரும் இருந்தால் வெப்பத்தைச் சமாளிக்கும். நனைந்த இறகோடு காற்றில் நிற்பதுதான் அதைக் கொல்லும். ஆகவே வடக்கும் கிழக்கின் ஒரு பாதியும் மூடிய சுவராக இருக்கட்டும். வீட்டுச் சுவரோடு சாய்த்துக் கட்டினால் ஒரு பக்கத்துச் செலவும் மிச்சம். தெற்கும் தென்கிழக்கும் திறந்திருந்தால் காலை வெயில் கிடைக்கும். மேற்குப் பக்கத்தில் முருங்கையோ கொய்யாவோ நட்டுவிட்டால் பிற்பகல் நிழலுக்கு ஆகும். முருங்கை இலையைப் பறவை விரும்பித் தின்னும், கொய்யாக் கிளையைக் கொம்பாக வைக்கலாம். அலகைத் திறந்து, சிறகை உடலிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு பறவை நின்றால், நிழல் போதவில்லை என்று பொருள்.

கூரைக்குத் தகரமா கிடுகா? தகரம் மட்டுமானால் நண்பகலில் அடுப்பு. கிடுகு மட்டுமானால் குளிர்ச்சி, ஆனால் எலியும் எறும்பும் குடியேறும், சில மழைக்காலத்தில் உக்கிவிடும். தகரத்தைப் போட்டு அதன் மேல் கிடுகு வேய்ந்தால் மழைக்குத் தகரம், வெயிலுக்குக் கிடுகு. உள்ளே தகரம் மூடியிருப்பதால் எலிக்குக் கூட்டுக்குள் வழியில்லை. கிடுகை மாற்றுகிற செலவு பெரிதில்லை.

தரையைச் சீமெந்தால் மெழுகி ஒரு பக்கம் சாய்வு விடுங்கள். மண் தரையில் எலி தோண்டி வரும், அதன் சிறுநீர் எலிக்காய்ச்சலையும் கொண்டுவரும். கதவின் மேல் விளிம்பு இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. வெருண்ட பறவை மேலே பறக்கும், குனிந்து நுழைகிற கதவில் அது தப்புவது அரிது.

கடைசித் தெரிவு, நிலையாகக் கட்டுவதா, பலகைகளாகப் பிரித்துப் பூட்டுவதா என்பது. 2020 டிசெம்பர் 2 இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக் கரையோரமாகத்தான் கரையைக் கடந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததால் கையில் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் தூக்கிப் போகக்கூடிய கூடு பறவையையும் காப்பாற்றும், தன்னையும் காப்பாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று அடிச் சட்டங்களாகச் செய்து, ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு இணையுங்கள். நீளத்தைக் கூட்ட வேண்டுமானால் இரண்டு சட்டங்களைச் சேர்த்தால் போதும். காற்று வரும் என்றால் பறவைகளைச் சிறு கூட்டில் அறைக்குள் எடுத்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றிச் சட்டங்களை விறாந்தையில் படுக்கவைத்துவிடலாம். இதற்கு ஒரு ஸ்பேனர் போதும். அதைக் கூட்டின் கதவுக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.